பாயை நனைக்கும் பிள்ளைக்கு அலாரமா, மாத்திரையா?

ஏழெட்டு வயதுப் பிள்ளை வாரத்தில் நாலைந்து இரவு பாயை நனைக்கிறது என்றால், வீட்டு வைத்தியம் ஒரு வரிசையில் நடக்கும். முதலில் கேலி, அப்புறம் திட்டு, அப்புறம் "இன்னொரு தடவை போனால் சூடு வைத்துவிடுவேன்" என்ற மிரட்டல். பெரியவர் யாராவது எள்ளுருண்டை கொடுக்கச் சொல்வார். எதுவும் பலிக்காமல் டாக்டரிடம் போகும்போதுதான் இரண்டு பெயர்கள் காதில் விழும். ஒன்று, ஈரம் பட்டால் அலறும் அலாரம். இன்னொன்று, டெஸ்மோபிரஸின் என்ற மாத்திரை. இரண்டுமே வேலை செய்பவைதான். ஆனால் செய்யும் வேலை வேறு, வீட்டாரிடம் கேட்கும் உழைப்பும் வேறு.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரவில் எழுந்திருக்க ஓர் ஆள் இரண்டு மூன்று மாதத்துக்குக் கிடைப்பார் என்றால் அலாரம். கிடைக்கமாட்டார் என்றால், அல்லது பிள்ளையின் உடல் இரவில் அளவுக்கு மீறிச் சிறுநீரைச் சுரக்கிறது என்றால், மாத்திரை. இந்த இரண்டாவது விஷயத்தை ஊகித்துச் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். அளக்கத் தேவையானது ஒரு சமையலறைத் தராசும் சில டயப்பர்களும். அதைச் செய்யாமலே மருந்துச் சீட்டோடு திரும்பும் குடும்பங்கள்தான் அதிகம் என்பது என் ஆதங்கம்.

சும்மா காத்திருப்பதும் ஒரு வழிதான். ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் போல இரவில் நனைக்கிறார்கள். ஏழு வயதில் அது பத்தாகவும் பத்து வயதில் ஐந்தாகவும் குறைகிறது. ஒவ்வொரு வருடமும் இவர்களில் ஏழில் ஒரு பங்கு போல எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சரியாகிவிடுகிறார்கள். அதனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவசரமே இல்லை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் "தானாகச் சரியாகும்" என்று சொல்வது வேறு கதை. அந்த வயதிலும் தினமும் நனைக்கும் பிள்ளைதான் தானாகச் சரியாகும் வாய்ப்பு குறைந்த பிள்ளை. பெரியவர்களிலும் நூற்றுக்கு ஒருவர் போல இதோடு வாழ்கிறார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பிள்ளையின் மீது குற்றம் இல்லை என்பதற்குப் பரம்பரைக் கணக்கே சாட்சி. பெற்றோர் இருவருமே சின்ன வயதில் நனைத்தவர்கள் என்றால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 77. ஒருவர் மட்டும் என்றால் 44. இருவரும் இல்லையென்றால் 15. திட்டுகிற அப்பா, தன் அம்மாவிடம் ஒரு தடவை விசாரித்துப் பார்க்கலாம்.

இரவில் உடல் என்ன செய்கிறது

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதாலமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. ஒன்பது அமினோ அமிலங்கள் மட்டுமே கோத்த வாசோபிரஸின் என்ற ஹார்மோன் அங்கேதான் தயாராகிறது. அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரியின் பின்பக்கத்தில் சேமிக்கப்பட்டு, தேவைப்படும்போது ரத்தத்தில் இறங்குகிறது. சிறுநீரகத்துக்குப் போனதும் அங்கே நீரை மட்டும் உள்ளே விடும் நுண்ணிய வாசல்களைத் திறந்துவிடுகிறது. வெளியேறப் போன தண்ணீர் அந்த வழியாக ரத்தத்துக்கே திரும்பிவிடும். சிறுநீர் கெட்டியாகும், அளவும் குறையும். அந்த வாசல்களுக்கு அக்வாபோரின் என்று பெயர். அவற்றைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேக்கு 2003ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பெரும்பாலோருக்கு இரவில் வாசோபிரஸின் கூடும். எட்டு மணி நேரம் எழாமல் தூங்க முடிவது அதனால்தான். 1980களில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகர ஆய்வாளர்கள் பாயை நனைக்கும் பிள்ளைகளின் ரத்தத்தை இரவும் பகலும் எடுத்து ஒப்பிட்டார்கள். அவர்களில் பலருக்கு இந்த இரவு ஏற்றமே இல்லை. பகலில் வருகிற அளவு சிறுநீர் இரவிலும் வந்துகொண்டிருந்தது. வாசோபிரஸினின் வேலையைச் செய்யும் டெஸ்மோபிரஸினுக்கு இந்த நோயில் அறிவியல் நியாயம் தந்தது அந்த ஆய்வுகள்தான்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் காரணம் இது அல்ல. சிலருக்குச் சிறுநீர்ப்பை சிறியது, அல்லது இரவில் அடக்கிவைக்கப் பழகாதது. இருவகையினருக்கும் பொதுவானது ஒன்று உண்டு: பை நிரம்பிய செய்தி வந்தும் தூக்கம் கலைவதில்லை. நிறைய வருகிறதா, அடக்க முடியவில்லையா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் அலாரமா மாத்திரையா என்பதில் பாதி முடிந்துவிடும்.

டயப்பரும் தராசும்

படுக்கும் முன் பிள்ளையைக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு, எடை பார்த்த டயப்பரைப் போடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை இதற்கு முகம் சுளிக்கும். "டாக்டர் கணக்குக் கேட்கிறார், ஒரு வாரம்தான்" என்று சொல்லி, தம்பி தங்கைகளுக்குத் தெரியாமல் செய்யுங்கள். காலையில் டயப்பரை மறுபடி எடை போடுங்கள். கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி. காலையில் முதலில் போகும் சிறுநீரை ஓர் அளவுக் குவளையில் பிடித்து அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். (அந்தக் குவளை திரும்பச் சமையலறைக்குப் போகக்கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது.) விடுமுறை நாள் ஒன்றில், பகலில் ஒவ்வொரு தடவை போவதையும் அளந்து, அதில் பெரிய அளவைக் குறித்துவையுங்கள். காலை முதல் தடவையை இதில் சேர்க்க வேண்டாம்.

இனி சின்னக் கணக்கு. பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால், அந்த வயதுக்குச் சிறுநீர்ப்பை பிடிக்க வேண்டிய அளவு மில்லியில் கிடைக்கும். எட்டு வயதுக்கு 270 மில்லி. இரவுச் சிறுநீர் இதில் நூற்றுக்கு 130 பங்கைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய 350 மில்லிக்கு மேல் போனால், இரவில் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று பொருள். பகலின் பெரிய அளவு நூற்றுக்கு 65 பங்குக்குக் கீழே, அதாவது 175 மில்லிக்குக் கீழே நின்றால், பை சிறியது.

எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்துப் பார்ப்போம். டயப்பரில் 310 கிராம் கூடியிருக்கிறது, காலையில் 120 மில்லி. மொத்தம் 430. பகலில் ஒரே தடவையில் 250 மில்லி போகிறான். பையில் குறையில்லை, இரவில் வரவு அதிகம். டெஸ்மோபிரஸின் கேட்கும் பிள்ளை இவன்தான். அதே வயதுச் சிறுமி ஒருத்திக்கு இரவு மொத்தம் 180 மில்லி, பகலில் ஒரு தடவைக்கு 120ஐத் தாண்டவில்லை. இவளுக்கு மாத்திரை கொடுத்து மாதக் கணக்கில் பார்த்தாலும் பெரிய பலன் இருக்காது. அலாரம் பலிக்க வாய்ப்பு அதிகம். ஓரிரவுக் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு வாரம் அளந்தால் நல்லது, முடியாவிட்டால் மூன்று நான்கு இரவாவது.

அளக்கும்போது இன்னொன்றும் வெளியே வரும். இரவில் அதிகம் போகும் பிள்ளைகளில் சிலருக்கு ஹார்மோன் குறை எதுவும் இருக்காது, பள்ளிக்கூடக் கழிப்பறைதான் காரணமாக இருக்கும். நாற்றத்துக்கும் உடைந்த தாழ்ப்பாளுக்கும் பயந்து காலையிலிருந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே பிள்ளை வீட்டுக்கு வரும். நாலு மணிக்கு வந்ததும் ஒரு சொம்பு, டியூஷனுக்கு முன் ஒரு பூஸ்ட், ஒன்பது மணிக்குச் சோறு, மோர், படுக்கும்போது ஒரு டம்ளர் பால். நாள் முழுவதற்கும் வேண்டிய நீரை ஐந்து மணி நேரத்தில் குடித்துவிட்டு, இரவில் வெளியே விடுகிறது. ஊறுகாயும் அப்பளமுமாக இரவுச் சாப்பாட்டில் உப்பு கூடினால், அந்த உப்பை வெளியேற்றவும் தண்ணீர் வேண்டும். இந்தப் பிள்ளைக்குக் காலையிலும் மதியத்திலும் குடிக்கவைத்து, பள்ளியில் இரண்டு தடவையாவது கழிப்பறைக்குப் போக ஆசிரியரிடம் சொல்லி ஏற்பாடு செய்து, இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு நகர்த்திப் பாருங்கள். சில வாரங்களில் அலாரமும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்று ஆகலாம். மொத்தத் தண்ணீரைக் குறைக்கக்கூடாது, நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மலச்சிக்கலையும் இதே சமயத்தில் கேட்டுவிடுங்கள். குடலில் தங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தி இடத்தைக் குறைக்கும். மலச்சிக்கல் தீர்ந்ததுமே பாய் உலர்ந்த பிள்ளைகள் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று தொடங்கினாலோ, பகலிலும் தாகம் அடங்காமல் குடித்துக் குடித்துப் போனாலோ, எடை குறைந்தாலோ, இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஆரம்பிக்கும். அரிதாக, வாசோபிரஸினே சுரக்காத நோயாகவும் இருக்கலாம். டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று வெகுகாலம் சொல்லிவந்த அந்த நோய்க்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் இல்லை. பெயரால் வந்த குழப்பத்தில் சில நோயாளிகள் ஆபத்துக்கு உள்ளானதால்தான், 2022ல் மருத்துவர் குழு ஒன்று அதற்கு வாசோபிரஸின் குறைபாடு என்று பெயர் மாற்றப் பரிந்துரைத்தது.

அலாரம்: உழைப்பு வீட்டாருடையது

அலாரம் பிறந்ததே தற்செயல். ஆஸ்திரிய மருத்துவர் பவுண்ட்லர் 1904ல், மருத்துவமனையில் பிள்ளைகள் நனைத்தால் நர்ஸ்களுக்குத் தெரியட்டும் என்று படுக்கையில் மின்மணி ஒன்றைப் பொருத்திய செய்தியை எழுதினார். சில வாரங்களில் சில பிள்ளைகள் நனைப்பதையே நிறுத்திவிட்டார்கள். 1938ல் அமெரிக்க உளவியலாளர்களான ஹோபார்ட் மௌரரும் அவர் மனைவி வில்லி மே மௌரரும் அதையே முறையான சிகிச்சையாக்கினார்கள். இன்றைக்கு விற்பனைக்கு வருவது உள்ளாடையில் கிளிப் போட்டுக்கொள்ளும் சின்ன உணரி. தோள்பட்டையில் ஒட்டிய பெட்டி அலறும், சிலவற்றில் அதிரவும் செய்யும். இங்கே சாதாரணக் கடைகளில் கண்ணில் படுவது அரிது, இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

முதல் இரவு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். பதினொன்றரைக்கு அலாரம் அலறும். அம்மா எழுவாள், அப்பா எழுவார், பக்கத்து அறையில் பாட்டி "என்னடி சத்தம்" என்பாள். பிள்ளை மட்டும் அசையாது. இது அலாரத்தின் தோல்வி அல்ல, இப்படித்தான் தொடங்கும். பெரியவர் ஒருவர் பிள்ளையை உட்காரவைத்து, கண்ணைத் திறக்கவைத்து, அலாரத்தைப் பிள்ளையின் கையாலேயே அணைக்கவைத்து, கழிப்பறை வரை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். மிச்சத்தை அங்கே போக வேண்டும். திரும்பி வந்து துணி மாற்றி, விரிப்பு மாற்றி, அலாரத்தைத் துடைத்து மறுபடி மாட்ட வேண்டும். தூக்கத்தில் தோளில் போட்டுக் கூட்டிப்போனால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. சில வீடுகளில் செய்வதுபோல நள்ளிரவில் நேரம் பார்த்து எழுப்பிவிடுவதும் அப்படித்தான். அன்றைய பாய் உலர்ந்திருக்கும், பழக்கம் மாறாது.

முன்னேற்றம் மெதுவாக வரும். உலர்ந்த இரவுகளை மட்டும் எண்ணினால் மனசு விட்டுப்போகும். நனைந்த வட்டம் சிறிதாகிறதா, அலாரம் அடிக்கும் நேரம் பதினொன்றிலிருந்து மூன்றுக்குத் தள்ளிப்போகிறதா, பிள்ளை தானே எழுந்து அணைக்கிறதா என்று பாருங்கள். நான்கு வாரத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்க்கலாம். இருந்தால், தொடர்ந்து பதினான்கு இரவு உலரும்வரை விடக்கூடாது. பலருக்கு அது இரண்டு மூன்று மாதம்.

பலன் என்ன? அலாரத்தை ஒழுங்காகப் பயன்படுத்திய பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு போல உலர்கிறார்கள் என்பதும், நிறுத்திய பிறகும் கிட்டத்தட்டப் பாதிப்பேர் உலர்ந்தே இருக்கிறார்கள் என்பதும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கிடைத்த கணக்கு. ஆய்வுகளின் தரம் பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் கணக்கு ஒரே திசையில்தான் போகிறது. மீண்டும் நனைக்கத் தொடங்கினால் அலாரத்தை மறுபடி மாட்டலாம், இரண்டாம் தடவை பெரும்பாலும் சீக்கிரம் பலிக்கும்.

அலாரத்தின் பலவீனம் வீட்டின் அமைப்பில் இருக்கிறது. ஒரே அறையில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில், அதிகாலை வேலைக்குப் போகிற ஒருவரும் கைக்குழந்தையும் இருந்தால், தினமும் இரண்டு தடவை அலறும் பெட்டியை எத்தனை நாள் பொறுப்பார்கள்? இரண்டாவது வாரத்தில் பெட்டி பீரோ மேல் ஏறிவிடும். அப்புறம் "அலாரம் எங்கள் பிள்ளைக்கு வேலை செய்யவில்லை" என்று பேச்சு. அந்த வீட்டின் மேல் தவறு இல்லை. அவர்களுக்கு இந்த வழியைப் பரிந்துரைத்ததுதான் தவறு. எரிச்சலில் பிள்ளையை அடிக்கும் நிலையில் இருக்கும் பெற்றோருக்கும் அலாரம் ஆகாது, அடி கூடத்தான் செய்யும்.

மாத்திரை: வேகம் உண்டு, நிபந்தனையும் உண்டு

வாசோபிரஸினை அப்படியே கொடுக்க முடியாது. ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைய ஆரம்பித்துவிடும். போதாததற்கு ரத்தக் குழாய்களையும் சுருக்கும். (அந்தக் குணத்தால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தம் சரிந்த நோயாளிகளுக்கு அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள்.) 1967ல் பிராக் நகர வேதியியலாளர்கள் அதன் மூலக்கூறில் இரண்டு இடங்களை மாற்றி டெஸ்மோபிரஸினை உண்டாக்கினார்கள். குழாய்களைச் சுருக்கும் குணம் ஏறக்குறைய போய்விட்டது. சிறுநீரகத்தின் மேல் செய்யும் வேலை மட்டும் நின்றது, அதுவும் ஓர் இரவு முழுக்க நீடிக்கும்படி.

மாத்திரையில் வழக்கமான தொடக்க அளவு படுக்கும் முன் 0.2 மில்லிகிராம். ஓரிரு வாரத்தில் போதவில்லையென்றால் டாக்டர் 0.4 ஆக்குவார். நாக்கின் அடியில் வைத்தால் கரைந்துவிடும் வகையும் உண்டு. அதில் 120 மைக்ரோகிராம், மாத்திரையின் 0.2 மில்லிகிராமுக்குச் சமம். உங்கள் கடையில் கிடைக்குமானால் அந்த வகையைத்தான் நான் விரும்புவேன். முழுங்கத் தண்ணீர் வேண்டாம் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் இந்த மருந்தில் அதுதான் பெரிய விஷயம். காரணம் கீழே வருகிறது. மாத்திரை என்றால் படுக்க ஒரு மணி நேரம் முன்பு, ஒரே ஒரு மிடறு நீரோடு. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் சேர்வது குறையும்.

பலன் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், மாத்திரையின் பெரிய கவர்ச்சி அது. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் போல முழுக்க உலர்கிறார்கள், இன்னொரு பங்குக்குக் கொஞ்சம் குறைகிறது, மிச்சப்பேருக்கு மாற்றம் இல்லை. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலோர் பழையபடி நனைக்கிறார்கள். அலாரம் பிள்ளையின் பழக்கத்தை மாற்றுகிறது. மாத்திரை அன்றன்றைய இரவைப் பார்த்துக்கொள்கிறது, வயது ஏறி உடம்பே திருந்தும்வரை நேரம் வாங்கித் தருகிறது. அப்படி நேரம் வாங்குவது கேவலம் ஒன்றும் இல்லை. பாட்டி வீட்டுக் கல்யாணத்தில் பத்துப் பிள்ளைகளோடு ஜமக்காளத்தில் படுக்கப் போகிற பிள்ளைக்கும், பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கத் தயங்கி நிற்கும் பிள்ளைக்கும் வேண்டியது அந்த மூன்று இரவுதான். அதற்கு அலாரம் பயன்படாது. மாத்திரை பயன்படும். ஆனால் ஊருக்குப் போகும் அன்று முதல் தடவையாகக் கொடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து நாள் முன்பே வீட்டில் கொடுத்து, அளவும் பலனும் பார்த்துவிட வேண்டும்.

இனி ஆபத்து. மாத்திரை போட்டபின் சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாது. அந்த நேரத்தில் குடித்த தண்ணீர் ரத்தத்திலேயே தங்கும். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். மூளைச் செல்கள் வீங்கும். தலைவலி, குமட்டல், வாந்தி, பிதற்றல், கடைசியில் வலிப்பு. சில நுரையீரல் நோய்களிலும் புற்றுநோய்களிலும் வாசோபிரஸின் கட்டுக்கடங்காமல் சுரந்து இதே நிலை வரும். இங்கே அதை நாமே மாத்திரையாலும் டம்ளராலும் உண்டாக்கிவிடுகிறோம். 2007 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டெஸ்மோபிரஸின் எடுத்தவர்களில் சோடியம் குறைந்து வலிப்பு வந்த 61 பேரின் விவரத்தை ஆராய்ந்து எச்சரிக்கை வெளியிட்டது. அதில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எடுத்தவர்கள். பாயை நனைப்பதற்கு ஸ்பிரே இனி கூடாது என்று அன்றைக்கே முடிவானது. வாசோபிரஸின் குறைபாட்டு நோயாளிகள் ஸ்பிரே எடுப்பது வேறு விஷயம். அவர்கள் வீட்டு ஸ்பிரேயைக் கடன் வாங்கிப் பிள்ளைக்கு அடிக்காதீர்கள்.

ஆகவே விதி ஒன்றுதான், அதில் தள்ளுபடி கிடையாது: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, மாத்திரை போட்டு எட்டு மணி நேரம் ஆகும்வரை குடிப்பது கூடாது. தாகத்துக்கு ஒரு மிடறு, அவ்வளவே. நம் வீடுகளில் இந்த விதியை உடைப்பது பெரும்பாலும் பாசம்தான். "பால் குடிக்காமல் படுத்தால் பிள்ளைக்குத் தூக்கம் வராது" என்று பாட்டி ஒரு டம்ளர் நீட்டுவாள். மாத்திரைபற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், சொல்ல வெட்கம். இந்த ஒரு விஷயத்தில் வெட்கத்தை விட்டு வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். பாலை ஆறரை மணிக்கு நகர்த்துங்கள். பிள்ளைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது, குடிக்கவைப்பதுதான் முக்கியம். மாலையில் நீச்சல் வகுப்பு உண்டென்றால் விழுங்கும் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். இப்யூபுரூஃபென் சோடியம் குறையும் வாய்ப்பைக் கூட்டும், ஆகவே வேறு எந்த மருந்து கொடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். விதியைக் காப்பாற்றினால் இது பாதுகாப்பான மருந்துதான், உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் எடுக்கிறார்கள். காப்பாற்ற முடியாத வீட்டுக்கு மாத்திரை வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

மாத்திரை பலித்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த வாரம் உலர்ந்தால் வேலை முடிந்தது. நனைந்தால் இன்னொரு மூன்று மாதம்.

எந்த வீட்டுக்கு எது

பணத்தைப் பொறுத்தவரை அலாரம் ஒருமுறைச் செலவு. உறவில் இன்னொரு பிள்ளைக்கும் கைமாற்றலாம், உணரியை மட்டும் சுத்தம் செய்தால் போதும். மாத்திரை இரவுக்கு இரவு செலவு, மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். முதலில் வலிக்கும் செலவு அலாரம், முடிவில் வலிக்கும் செலவு மாத்திரை.

ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு மாத்திரைதான், கேள்வியே இல்லை. வார்டனிடம் ஒருவராவது இரவு நீர் விதியைப் புரியவைத்தால் போதும். பெற்றோரில் ஒருவர் இரவு ஷிப்ட், மற்றவர் தனியாகச் சமாளிக்கிறார் என்றாலும் மாத்திரையில் தொடங்கலாம். அளவில் இரவுச் சுரப்பு கூடுதலாக வந்து, பிள்ளைக்கும் அலாரம் பிடிக்கவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம். மறுபக்கம், பை சிறியதாக இருந்து, தனி அறையோ ஒத்துழைக்கும் பெற்றோரோ இருந்தால், மாத்திரையில் காலத்தைக் கழிக்காமல் நேராக அலாரத்துக்குப் போங்கள். கோடை விடுமுறை அதற்கு நல்ல காலம், காலையில் ஆறு மணிக்குப் பள்ளிவேன் வராது. ஆனால் ஏப்ரல் வெயிலில் மாத்திரைக்கான நீர் விதியைக் காப்பது கஷ்டம், இரவிலும் தாகம் எடுக்கும். அந்த விதத்திலும் கோடை அலாரத்துக்குத்தான் பொருத்தம்.

பிள்ளையிடமும் கேளுங்கள். "எனக்கு அந்தச் சத்தம் வேண்டாம்" என்று சொல்கிற பிள்ளைமேல் அலாரத்தைக் கட்டினால் அது பாதி ராத்திரியில் கழற்றி எறியும். ஏழு வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் இரண்டுமே வேண்டாம். பிள்ளைக்கு அது உறுத்தாமல் இருந்து பெரியவர்களுக்கு மட்டும் உறுத்துகிறது என்றால், ரப்பர் ஷீட் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு ஒரு வருடம் பொறுக்கலாம்.

இரவுச் சுரப்பும் கூடுதல், பையும் சிறியது என்றால் இரண்டையும் சேர்த்துத் தருவார்கள். ஒன்றில் தோற்றவருக்கு மற்றதைத் தருவதும் உண்டு. இரண்டும் தோற்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்ணில் படாத மலச்சிக்கலை. தினமும் போகிறான் என்று அம்மா சொன்னாலும் ஸ்கேனில் மலக்குடல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருப்பது தெரியும். குறட்டை விடுகிற, வாயால் மூச்சு விடுகிற பிள்ளை என்றால் டான்சிலையும் பார்க்கச் சொல்வார்கள். அதற்கும் அப்பால், பையைத் தளர்த்தும் ஆக்ஸிபுட்டினின் போன்ற மருந்துகளை டெஸ்மோபிரஸினோடு சேர்ப்பது பிள்ளைகள் சிறுநீரகச் சிறப்பு மருத்துவரின் வேலை. இமிப்ரமின் என்ற பழைய மாத்திரையையும் சிலர் எழுதிக்கொடுப்பார்கள். அது விலை மலிவு, சிலருக்குப் பலிக்கவும் செய்யும். ஆனால் அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கும் மருந்து. எழுதிக் கொடுத்தால் முதலில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள், வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள்.